படத்துக்கு வரைந்த திரை தோட்டத்துத் தராசில் வந்தால் உரிமை யாருக்கு?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து 29 வயதுச் சகோதரியொருவர் நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கொழும்பில் வடிவமைப்புப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, வீட்டிலிருந்து வேலை செய்கிறார். வேலை இரண்டு வகை. திரைப்படங்களுக்கு டைட்டில் காட்சி செய்வதும், கதைக்குள் வரும் போன், கணினித் திரைகளை உருவாக்குவதும் ஒன்று. கடைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் செயலிகளின் இடைமுகத்தை, அதாவது பயனர் பார்த்துத் தொடும் திரைகளை, வடிவமைப்பது மற்றது. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்பது அப்பாவின் அபிப்பிராயம்.

இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்புத் தயாரிப்பாளர் ஒருவரின் படத்தில் வேலை கிடைத்தது. மலையகக் கதை. கொழுந்து நிறுவையைப் பதியும் செயலியொன்றுதான் கதையின் திருப்பத்துக்கே காரணம். செயலி கற்பனை, அதன் ஒவ்வொரு திரையையும் இவர்தான் வரைந்தார். மேலே தொழிலாளியின் பெயர், தமிழில், பெரிய எழுத்தில். நடுவில் நிறுத்த கிலோ. அதற்குக் கீழே தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கழித்த கிலோ, செம்மஞ்சள் பட்டையில். அடியில், தொழிலாளியின் பேரில் கணக்காக விழும் கிலோ. கொழுந்தின் நுனிபோல ஒரு பக்கம் கூராகும் பச்சைப் பொத்தான். பேசிய தொகை 350,000 ரூபா. பாதி முற்பணமாக வந்தது. மீதி "எடிட் லொக் ஆனதும்" (படத்தொகுப்பு முடிவானதும்) என்று தயாரிப்பாளர் வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். எடிட் லொக் ஆகிப் பதினொரு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. படம் திரைக்கு வந்தது. கடைசியில் ஓடும் பெயர்களில் இவர் பெயர் இல்லை.

இதற்கிடையில், பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் சின்னம்மா ஒருநாள் கோல் எடுத்திருக்கிறார். "என்னா புள்ள, மடுவத்துல புதுசா ஒரு போன வச்சு நிறுக்கிறாங்க. நீ படத்துக்கு வரைஞ்சியே, அதே மாதிரி இருக்கு." மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, போய்ப் பார்த்தால் அதே நிறம், அதே அடுக்கு, அதே பொத்தான். கழித்த கிலோவைக் காட்டும் பட்டையை மட்டும் காணோம். தயாரிப்பாளரோடு தொடர்புடைய இன்னொரு கம்பனிதான் அந்தச் செயலியைத் தோட்ட நிர்வாகத்துக்கு விற்றிருக்கிறதாம்.

செயலியை நிறுத்த வழக்குப் போடலாமா, பெயரைப் போட வைக்கலாமா, மீதிப் பணத்தை எப்படி வாங்குவது என்று கேட்கிறார். கூடவே, கொழும்பு நிறுவனமொன்று இப்போது ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது. அதில் கையெழுத்து வைக்கலாமா என்றும் கேட்கிறார். வரைந்த திரைகளையெல்லாம் அச்செடுத்துத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பதாகவும், "அதனால் உரிமை என்னிடம்தான் இருக்கிறது" என்றும் முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேள்விகளை அடுக்கியிருக்கும் ஒழுங்கில் நான் பதில் சொல்லப் போவதில்லை. செயலிதான் உங்கள் மனதை அதிகம் உறுத்துகிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன "பதினொரு மாதம்" என்ற சொல்தான் என்னை உலுக்கியது.

முதலில் பணம், ஏனென்றால் நாள் இல்லை

கடன் கடன்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். வழக்குக் காலவரையறை பற்றி நம் நாட்டில் இன்னமும் நடைமுறையில் இருப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்திலான ஒப்பந்தத்தின் பேரில் வழக்கென்றால் ஆறு வருடம் தருகிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். ஆனால் செய்த வேலைக்கும் உழைப்புக்கும் கூலி கேட்கும் வழக்கென்றால், பணம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான்.

உங்கள் விடயம் இதில் எதற்குள் வரும்? வட்ஸ்அப்பில் தொகையும் தவணையும் எழுதப்பட்டிருக்கின்றன, ஆகவே எழுத்திலான ஒப்பந்தம் என்று நாம் வாதாடுவோம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணுச் செய்திகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது; செய்தி வட்ஸ்அப்பில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாது என்று யாரும் தள்ளிவிட முடியாது. நீங்கள் தாமதித்துப் போனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோ, "இது வெறும் வேலைக்கூலி, வருடம் கடந்துவிட்டது" என்பார். அந்த வாதத்தில் யார் வெல்வார்கள் என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. வருடம் முடிய முன்னரே நடவடிக்கை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

ஆகவே இந்த வாரமே ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். கடிதம் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டு எழுதித் தந்தாலோ, மீதியில் ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். "பாப்போம் தங்கச்சி, அடுத்த மாசம்" என்ற குரல் பதிவை நம்பி அந்த அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அந்தத் தொகை வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால், இன்றைய நிலையை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு, அதற்குரிய நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

பழைய போனை விற்றுவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள், முற்பணம் வந்த வங்கிக் கூற்றையும் எடுத்து வையுங்கள்.

வரைந்தவருக்கே சொந்தம் என்ற நம்பிக்கை

அந்தப் பதிவுத் தபால் உறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதனால் உங்களுக்குக் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை படைப்பு உருவான கணமே பிறந்துவிடுகிறது. பதிவும் வேண்டாம், தபால் முத்திரையும் வேண்டாம். உங்கள் வழக்கில் யார் வரைந்தது என்பதும் பிரச்சினையே அல்ல. தயாரிப்பாளரே வட்ஸ்அப்பில் "உங்க ஸ்கிரீன்ஸ் சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். வரைந்தது நீங்கள்தான். அதன் உரிமையாளர் நீங்கள்தானா என்பது வேறு கேள்வி.

இங்கேதான் உங்களுக்குக் கசப்பான செய்தி. அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, படைப்பாளியே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. பிறகு விதிவிலக்குகளை அடுக்குகிறது. தொழிலின் போக்கில் ஊழியர் செய்த படைப்பின் பொருளாதார உரிமை (அதைப் பயன்படுத்திப் பணமாக்கும் உரிமை), ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்கொள்வோருக்கு. ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் பேசிச் செய்வித்த படைப்பு, அதேபோல ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், செய்வித்தவருக்கு. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் "ஃப்ரீலான்சரின் படைப்பு ஃப்ரீலான்சருக்கே" என்று படித்திருப்பீர்கள். சில நாடுகளில் அது சரி. இலங்கையில் அப்படியில்லை. நம் சட்டத்தில் நீங்கள் எதையும் எழுதிக்கொள்ளாமல் வேலை செய்தால், எழுதாத இடத்தைச் சட்டம் அவர் பக்கம் நின்று நிரப்புகிறது.

பணம் தராவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தானாகத் திரும்பாது. "முழுத் தொகையும் கிடைத்த பின்னரே உரிமை கைமாறும்" என்ற ஒரு வரி உங்கள் செய்திகளில் எங்காவது இருந்திருந்தால் கதையே வேறு. நீங்கள் அனுப்பிய பிரதிகளில் எனக்கு அது தென்படவில்லை.

படத்துக்குள் இருந்த திரை வெளியே வந்தபோது

இனி உங்களுக்குச் சாதகமானது. 14ஆம் பிரிவு ஒலி-ஒளிப் படைப்புகளைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. திரைப்படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே. ஆனால் அதில் பங்களித்த இணைப்படைப்பாளிகளும், அதற்கு முன்பே உருவாகிப் படத்துக்குள் சேர்க்கப்பட்ட படைப்புகளின் ஆசிரியர்களும், தங்கள் பங்களிப்பு படத்திலிருந்து பிரித்துத் தனியாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்கும் அளவுக்கு, அதன்மீதுள்ள உரிமையைத் தங்களிடமே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் திரைகள் அதற்கு நல்ல உதாரணம். ஒளிப்பதிவாளரின் ஒளியமைப்பைப் படத்திலிருந்து உருவி எடுத்து விற்க முடியாது. நீங்கள் வரைந்த நிறுவைத் திரையை முடியும்; முடியும் என்பதை அவர்களே செய்து காட்டிவிட்டார்கள். ஒரே பொருளில் இரண்டு தொழிலையும் செய்திருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த வாதமே உங்களுக்குக் கிடைக்கிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், சேற்றில் இருந்த கால்தான் இப்போது உதவுகிறது.

எதிர்வாதம் என்ன? "அதுவும் நான் காசு பேசிச் செய்வித்ததுதானே, செய்வித்தவருக்கே உரிமை" என்பார். நாம், "நீ செய்வித்தது படத்துக்கு, தோட்டத்தில் ஓடும் செயலிக்கு அல்ல" என்போம். இரண்டு உட்பிரிவுகளும் முட்டிக்கொள்ளும் இடம் இது. உங்கள் பேச்சுவார்த்தையில் படத்தைத் தவிர வேறு எந்தப் பயன்பாட்டைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை, தொகையும் காட்சிக் கணக்கில் பேசப்பட்டிருக்கிறது. அவை நம் பக்கம். படப்பிடிப்புக்கு முன்பே திரைகள் முழுமையாக இருந்தன என்று காட்டுவதும் முக்கியம். இதற்கு உறையைவிட, நீங்கள் திரைகளை வரைந்த ஃபிக்மா மென்பொருளின் கோப்புதான் சாட்சி. இலவசக் கணக்கில் அது முப்பது நாள் வரலாற்றைத்தான் காட்டும். ஆகவே அசல் கோப்பைத் தொடாமல் பிரதியெடுத்து, அந்த நாட்களில் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகளையும் அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் கோப்புகளையும் திகதி மாறாதபடி ஒரு வன்தட்டில் சேமித்து வையுங்கள்.

இன்னொரு மேடும் ஏற வேண்டியிருக்கிறது. இடைமுகத்தில் எது உங்களுடையது? சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண்ணம், முறைமை, இயக்கும் முறை, கோட்பாடு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பில்லை என்கிறது. நிறுத்த கிலோ, கழித்த கிலோ, சேரும் கிலோ என்று அடுக்கிக் காட்டலாம் என்ற யோசனை உங்களுடையதாகவே இருந்தாலும், அது யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய யோசனை. அமெரிக்காவில் லோட்டஸ் நிறுவனம் தன் விரிதாள் மென்பொருளின் கட்டளைப் பட்டியலைப் போர்லாண்ட் நிறுவனம் நகலெடுத்ததென்று வழக்குப் போட்டது. அந்தப் பட்டியல் வெறும் இயக்கும் முறைதான் என்று 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் 1996இல் நீதியரசர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 8ஆம் பிரிவிலும் அதே சொல் இருக்கிறது, எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டுதான் வரும்.

ஆகவே வழக்கின் பாரத்தை அடுக்கின்மேல் வைக்காதீர்கள், வரைந்ததன்மேல் வையுங்கள். அந்தக் கூர்நுனிப் பொத்தான், நீங்கள் கையால் எழுதி உருவாக்கிய தமிழ் இலக்கங்கள், நிறங்களின் சேர்க்கை, சின்னங்கள் எல்லாம் சித்திரங்கள். இரண்டு திரைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, எது வரிக்கு வரி ஒத்திருக்கிறது என்று குறித்த ஒரு தாள் தயாரியுங்கள். நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கும் விடயம் எனக்குப் பிடித்தது. சினிமாத் திரைக்கு வரைந்ததால் எழுத்துகளை வழக்கத்தைவிடப் பெரிதாக, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இரண்டு வினாடியில் தெரியும்படி வைத்தீர்கள்; கையில் பிடிக்கும் செயலிக்கு அவ்வளவு பெரிய எழுத்து தேவையே இல்லை. மடுவத்தில் உள்ள போனிலும் எழுத்து அதே அளவில் இருக்கிறது. தேவையில்லாத ஒன்றுகூட அப்படியே வந்திருக்கிறதென்றால், அவர்கள் தாங்களாகவே யோசித்துச் செய்தோம் என்று சொல்வது கடினம்.

கைத்தொழில் வடிவமைப்பாக இப்போது பதிவு செய்யலாமா என்றும் கேட்டீர்கள். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்கு. இரண்டு முறை புதுப்பித்துப் பதினைந்து வருடம்வரை கொண்டுபோகலாம். ஆனால் புதிய வடிவங்களுக்குத்தான் அது. படம் திரையிடப்பட்டதோடு இந்த வடிவம் ஊரறிந்ததாகிவிட்டது. அடுத்த வேலையில், யாருக்கும் காட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வழக்கா? பதிப்புரிமை வழக்கு கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். தவணைக்குத் தவணை ஹட்டனிலிருந்து இரவு ரயிலேறிப் போவதும், சட்டத்தரணிக் கட்டணமும், வருடக்கணக்கும் உங்களுக்குத் தாங்குமா என்று பாருங்கள். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் முறையிட்டு விசாரணை கோரும் வழியும் சட்டத்தில் உண்டு, செலவு குறைவு. என் அபிப்பிராயம், செயலியை நிறுத்தச் சொல்வதைவிட அனுமதிக் கட்டணம் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது. அவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் செயலி வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு விற்ற பொருளில் உரிமைப் பிரச்சினை இருக்கிறதென்று வெளியே தெரிவது அவர்களுக்கு நல்லதல்ல. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

கற்பனைத் திரை நிஜப் பொருளாவது புதுமையுமல்ல. எம்ஐடி ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஜோன் அண்டர்கொஃப்லர், 2002இல் வெளியான 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்துக்காகக் கையசைவில் இயங்கும் இடைமுகத்தை உருவாக்க உதவினார். பிறகு அதே வகை இடைமுகத்தை நிஜமாகவே செய்து விற்கும் நிறுவனமொன்றையும் அவரே தொடங்கினார். அவர் தன் யோசனையோடு தானே சந்தைக்குப் போனார். உங்கள் திரை உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

என்ன ஆனாலும் இதை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். "திருடர்கள்" என்று பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். மடுவத்தில் எடுத்த படத்தையும் போடாதீர்கள்; அதில் சின்னம்மாவின் பெயரும் கிலோவும் தெளிவாகத் தெரிகின்றன. நாளை பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், நிற்க வேண்டியவர் அவர்.

பெயர்

இந்தக் கேள்வியில் உங்கள் கால் உறுதியாக நிற்கிறது. பொருளாதார உரிமை யாரிடம் போனாலும், 10ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமைகள் படைப்பாளியோடேயே இருக்கின்றன. படைப்பின் பிரதிகளிலும் பொதுப் பயன்பாட்டிலும் கூடியவரை உங்கள் பெயர் தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். உயிரோடு இருக்கும்வரை இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. விட்டுக்கொடுப்பதானால், எதை, எந்தச் சந்தர்ப்பத்துக்கு என்று தெளிவாக எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை.

திரையரங்கில் ஓடி முடிந்த பிரதிகளைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இணையத் தளத்துக்கும் தொலைக்காட்சிக்கும் விழாக்களுக்கும் இனிப் போகும் பிரதிகளில் "டைட்டில் மற்றும் திரை வடிவமைப்பு" என்று உங்கள் பெயர் தனியாக வர வேண்டும் என்று கேளுங்கள். "கணினி உதவி" பட்டியலில் பத்தோடு பதினொன்றாகச் சேர்ப்பதாகச் சொன்னால் ஒப்பாதீர்கள்.

காணாமற்போன பட்டை

கழித்த கிலோவைக் காட்டும் பட்டையை எடுத்ததால் உங்கள் படைப்பைச் சிதைத்துவிட்டார்கள், அதற்கும் வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். சிதைப்பை எதிர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சிதைப்பு உங்கள் மானத்துக்கோ நற்பெயருக்கோ பங்கம் விளைவிப்பதாக இருக்க வேண்டும். செயலியில் உங்கள் பெயரே இல்லாதபோது அதை நிரூபிப்பது சிரமம். இந்த வாதத்தை நான் முன்வைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டை போனது சின்ன விடயம் என்று சொல்ல வரவில்லை. அது சின்னம்மாவின் சம்பளக் கணக்கு. எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று தராசடியில் தெரியாவிட்டால், பின்னேரம் பேர் (முழுநாட் சம்பளம்) அரைப்பேராகும்போது கேட்க ஆதாரம் இருக்காது. அது தொழிற்சங்கமும் தொழில் அலுவலகமும் பார்க்க வேண்டிய பிரச்சினை. அதை உங்கள் பதிப்புரிமைக் கடிதத்துக்குள் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும். சின்னம்மாவும் கூட வேலை செய்பவர்களும் சேர்ந்து, தங்கள் பெயரில், தனியாக முறையிடட்டும்.

புதிய ஒப்பந்தம்

பதினாறு பக்கத்தையும் படித்தேன். ஆங்கிலம் முழுதாகப் புரியாமல் கையெழுத்து வைத்தாலும், கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தும் என்பதே நம் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொது விதி. "எனக்கு விளங்கவில்லை" என்பதைக் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்.

மாதச் சம்பளம், காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் இருக்க வேண்டும், விடுமுறைக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டு "சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைவிட உறவின் தன்மையைத்தான் சட்டம் பார்க்கும். நீங்கள் ஊழியர் என்றால் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) அவர்கள் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதமும் செலுத்த வேண்டும். ஈபிஎஃப் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊழியரானால் படைப்புரிமை போய்விடுமே என்று நீங்கள் பயப்படுவது வீண். மேலே சொன்ன 14ஆம் பிரிவைப் பாருங்கள்; ஃப்ரீலான்சராக இருந்தாலும் எழுதிக்கொள்ளாவிட்டால் அது அவர்களிடம்தான். இழக்கப் போவது ஒன்றென்றால், சேமலாப நிதியோடு இழக்கலாமே.

7ஆம் வாசகம்தான் உங்களைப் போன்றவருக்கு ஆபத்து. ஒப்பந்த காலத்தில் நீங்கள் செய்யும் அனைத்தும், "இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும்" அவர்களுடையது என்கிறது. டைட்டில் மட்டும் செய்பவருக்கு இது பெரிதாக வலிக்காது. படத்துக்கும் செயலிக்கும் ஒரே கையால் வரைபவருக்கு, ஒரு வேலைக்கு வாங்கிய கூலியில் இரண்டு வேலையை எடுத்துக்கொள்ள இதுதான் வழி. நிறுவைச் செயலியில் நடந்தது நாளை எழுத்தில் அனுமதியோடு நடக்கும். இப்படித் திருத்தக் கேளுங்கள்:

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இணைப்புத் தாள். எந்தப் படம் அல்லது எந்தச் செயலி, எத்தனை திரை, எதற்குப் பயன்படும் என்று அதில் இருக்கட்டும். வேறு பயன்பாட்டுக்குப் போனால் வேறு கட்டணம். உங்களை "திரைப்பட வடிவமைப்பாளர்" என்று போடுவதா "இடைமுக வடிவமைப்பாளர்" என்று போடுவதா என்ற உங்கள் குழப்பமும் இதோடு தீர்ந்துவிடும்.

நீங்கள் ஏற்கனவே செய்து வைத்திருக்கும் தமிழ் எழுத்துருக்களும் சின்னத் தொகுதிகளும் ஒரு பட்டியலாக ஒப்பந்தத்தோடு சேரட்டும். அவை உங்களுடையவையாகவே இருக்கும், அவர்களுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும்.

தார்மிக உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக உள்ள வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால், திரைப்பட வேலைகளுக்காவது பெயர் போடுவதை மீட்டுக்கொள்ளுங்கள். வேலை வெளியான பின் உங்கள் மாதிரித் தொகுப்பில் அதைக் காட்டும் அனுமதியையும் அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் காட்டினால் அவர்களின் உரிமையை மீறியதாகலாம்.

பதினோராம் வாசகத்தில், மூன்றாம் தரப்பு உரிமை கோரினால் முழு நட்டமும் உங்கள் தலையில் என்று இருக்கிறது. இதற்கு உச்சவரம்பு கேளுங்கள். வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கணினியில் உள்ள எழுத்துருக்கள் எங்கிருந்து வந்தவை என்றும் ஒருமுறை பாருங்கள். நண்பர் பென் டிரைவில் தந்த எழுத்துருவைப் படத்தின் டைட்டிலில் போட்டால், அந்த வாசகத்தின்படி மாட்டுவது நீங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமத்தில் உள்ளவற்றில் இந்தத் தலைவலி இல்லை.

அவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். கேட்டதற்காக வேலையைத் தராத நிறுவனம், கொடுக்க வேண்டிய பணத்திலும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

கோரிக்கைக் கடிதத்துக்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; நுவரெலியாவிலும் கண்டியிலும் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. போகும்போது தேசிய அடையாள அட்டை, வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம், வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, வங்கிக் கூற்று, இரண்டு திரைகளையும் ஒப்பிட்ட தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எடிட் லொக் ஆன திகதியைப் பெரிதாக முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.